கையோடு வந்த கணினியின் கதை

மடிக்கணினி வாங்க விரும்பும் நண்பர் ஒருவர், "எந்த வகையை வாங்கலாம்?" என்று கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? மெல்லியது, கனமானது, விலை மலிந்தது என்று கடையில் பல வகைகள் உள்ளன. இவை ஒவ்வொன்றும் ஏன் தோன்றின என்று அறிந்தால் விடை எளிதாகும். அந்த வரலாற்றின் தொடக்கப் பக்கம் ஒன்று தமிழ் மண்ணோடு தொடர்புடையது. புதுச்சேரியின் ரெட்டியார்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவண்ணாமலைதான் அந்த இடம்.

திருவண்ணாமலைச் சிறுவர்

ஆடம் ஆஸ்போர்ன் 1939ஆம் ஆண்டு பாங்காக் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். தாய் போலந்து நாட்டவர். இருவரும் ரமண மகரிஷியின் அடியார்கள். எனவே ஆடமின் இளமை திருவண்ணாமலையிலும் கொடைக்கானல் பள்ளியிலும் கழிந்தது. பதினொரு வயதில் இங்கிலாந்து சென்ற அவர், பின்னர் அமெரிக்காவில் வேதிப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். கணினி நூல்களை எழுதிப் பதிப்பித்துப் புகழும் அடைந்தார்.

1981இல் அவருடைய நிறுவனம் 'ஆஸ்போர்ன் 1' என்னும் கணினியை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். தையல் இயந்திரப் பெட்டி போன்ற தோற்றம். எடை சுமார் 11 கிலோகிராம். திரை 5 அங்குலமே. உள்ளே பேட்டரி கிடையாது. ஆயினும் கைப்பிடியைப் பற்றித் தூக்கிச் செல்லலாம். விமான இருக்கையின் அடியில் வைக்கலாம். விலை 1,795 டாலர். கடிதம் தயாரிக்கவும் கணக்குப் பார்க்கவும் வேண்டிய மென்பொருள்களும் அந்த விலைக்குள்ளேயே கிடைத்தன. கணினியைக் கையோடு கொண்டு செல்ல மக்கள் விரும்புகிறார்கள் என்பதை இது மெய்ப்பித்தது.

நான்கு இழுவிசைகள்

1982இல் வேறு இரண்டு கருவிகள் விற்பனைக்கு வந்தன. ஜப்பானின் எப்சன் எச்எக்ஸ்-20 ஒரு முழுத்தாள் அளவே இருந்தது. எடை 1.6 கிலோகிராம். பேட்டரியில் பல மணி நேரம் இயங்கியது. ஆனால் திரையில் தெரிந்தவை நான்கே வரிகள்! அமெரிக்காவின் கிரிட் காம்பஸ், திரையைப் புத்தகம்போல் மூடித் திறக்கும் அமைப்பைக் கொண்டிருந்தது. விண்வெளி ஓடத்திலும் அது பயணம் செய்தது. அதன் விலையோ 8,150 டாலர்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறதல்லவா? எடை, ஆற்றல், பேட்டரி, விலை ஆகிய நான்கும் ஒன்றையொன்று இழுப்பவை. ஒன்றில் பெறும் நன்மைக்கு மற்றொன்றில் ஈடு கொடுக்க வேண்டும். செயலி செலவிடும் மின்சாரம் வெப்பமாக மாறுகின்றது. ஆற்றல் மிக்க செயலியைக் குளிர்விக்க விசிறியும் செப்புக் குழாயும் தேவை. எடை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டு வந்ததும் குறைந்த எடையில் மிகுந்த மின்னாற்றலைச் சேமிக்க முடிந்தது. 2007இல் ஏசஸ் நிறுவனத்தின் ஈ பிசி, ஆற்றலைக் குறைத்து விலையைத் தாழ்த்தியது. 2008இல் ஆப்பிளின் மேக்புக் ஏர், குறுந்தட்டு இயக்கியையே விட்டுவிட்டு மெலிந்தது. 2011இல் வந்த குரோம்புக், பெரும்பாலான வேலைகளை இணையத்திடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பல இலட்சம் பேருக்கு ஒரே வகைக் கருவி! சொந்தப் பணத்தில் வாங்குவோருக்கோ தேர்ந்தெடுக்க வழியுண்டு.

எதைத் தேர்வது?

ரெட்டியார்பாளையத்து மாணவி ஒருவர், காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திற்கு நாள்தோறும் பேருந்தில் செல்கிறார் எனக் கொள்வோம். கட்டுரை எழுதுவதும் நூல்கள் படிப்பதும் அவருடைய வேலை. அவருக்கு எடை குறைந்த, பேட்டரி நெடுநேரம் தாங்கும் கருவியே ஏற்றது. இயந்திரப் படம் வரையும் பொறியியல் மாணவருக்குத் தனி வரைகலைச் செயலி உள்ள கனமான கருவி பயன்படும். அதைப் பெரும்பாலும் மேசையில் வைத்தே இயக்குவார். இணைய வசதி குன்றிய வீட்டுக்குக் குரோம்புக் அவ்வளவாகப் பொருந்தாது. மெல்லிய கருவிகள் பலவற்றில் நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலாது. வாங்கும்போதே போதிய அளவைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஆகவே நண்பரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எங்கே, எதற்காகப் பயன்படுத்தப் போகிறாய்?" என்பதே. விலைப் பட்டியலை அதன் பிறகு பார்க்கலாம்.

"அடுத்த மாதம் இன்னும் நல்லது வருமே, பொறுத்திருக்கலாமா?" என்றும் நண்பர் கேட்கக்கூடும். இதற்கும் ஆஸ்போர்னின் வரலாறு விடை தருகின்றது. 1983இல் அவர் புதிய கணினியைப் பற்றி முன்கூட்டியே பேசியதால், வாங்க வந்தவர்கள் பழையதை ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தனர் என்பர். போட்டியாளர்களின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அதே ஆண்டு செப்டம்பரில் அந்த நிறுவனம் நொடித்தது. காத்திருப்போர் நிறுவனத்தைக் கவிழ்த்த இந்நிகழ்ச்சிக்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆஸ்போர்ன் தம் இறுதி நாட்களைக் கொடைக்கானலில் கழித்து, 2003இல் அங்கேயே மறைந்தார்.

புதியது என்றும் வந்துகொண்டேயிருக்கும். பாடம் நாளை தொடங்குகிறது என்றால், இன்று தேவைக்குப் பொருந்துவதே சிறந்த கணினியாகும்.