ஒப்புநோக்கும் கை: புதுச்சேரியில் கூட்டாய்வுத் திறன்களின் வரலாறு

ஒரு நூலையோ ஒரு சான்றையோ பலர் வெவ்வேறு ஊர்களில் இருந்தபடியே சேர்ந்து ஆய்வதும், ஒருவர் கண்டதை மற்றவர் சரிபார்த்து மதிப்பிடுவதும் இணையம் வந்த பிறகு தோன்றிய வழக்கங்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கணினியும் வலைத்தொடர்பும் இந்த வேலையை விரைவாக்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு அடிப்படையான திறன்கள், அதாவது சான்று எங்கிருந்து வந்தது என்று குறிப்பதும், படித்ததைப் படித்தவாறே எழுதுவதும், ஐயமான இடத்தை ஐயமென்றே காட்டுவதும், பிறர் திருத்துவதற்கு இடம் விடுவதும், கணினிக்கு மிகவும் முற்பட்டவை. இத்திறன்கள் எவ்வாறு வளர்ந்தன என்பதை ஒரே ஊரில் தொடர்ச்சியாகக் காண விரும்புவோருக்குப் புதுச்சேரி நல்லதொரு களம்.

இவ்வரலாற்றின் முன்னுரையாக 1825ஆம் ஆண்டின் ஒரு பதிவைக் கொள்ளலாம். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயப் படையில் பணிபுரிந்தவரும், சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பை வகித்தவருமான ஜான் வாரன், பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்து 1830இல் அங்கேயே மறைந்தார். தென்னிந்தியக் காலக்கணிதம் பற்றி அவர் எழுதிய 'கால சங்கலிதம்' 1825இல் சென்னையில் வெளிவந்தது. புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்த அட்டவணைகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இடையே நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் படிப்படியாக எழுதி வைத்தார். அக்கணிப்பு கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டிருந்ததை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கெபாவர் எடுத்துக்காட்டி, பிழையின் அளவைவிட அம்மரபின் தொடர்ச்சியே முதன்மையானது என்று மதிப்பிட்டார். கணித்தவரும் பதிந்தவரும் மதிப்பிட்டவரும் மூன்று வெவ்வேறு மரபினர். முதலிருவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. விடையை மட்டும் எழுதாமல் வழிமுறையையும் வாரன் எழுதியிருந்ததால்தான் அந்த மதிப்பீடு இயன்றது.

அமைப்பு முறையிலான கூட்டாய்வு, ஆட்சி மாற்றத்தை ஒட்டித் தொடங்கியது. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. இவ்விரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1955இல், பிரெஞ்சு இந்தியவியல் அறிஞர் ழான் ஃபிலியோசாவின் முயற்சியால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. செயின்ட் லூயி வீதியிலுள்ள இந்நிறுவனமும், தூமா வீதியிலுள்ள தூரகிழக்கு பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியின் கிளையும் சைவ ஆகமங்களைத் தேடித் தொகுப்பதைத் தம் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக மேற்கொண்டன. ஆகமங்கள் என்பவை கோயில் அமைப்பு, வழிபாடு, தீக்கை, தத்துவம் ஆகியவற்றைக் கூறும் வடமொழி நூல்கள்; தமிழகத்தில் அவை பெரும்பாலும் கிரந்த எழுத்தில், அதாவது வடமொழி எழுதுவதற்காகத் தென்னாட்டில் வழங்கிய எழுத்தில், பனையோலையில் எழுதப்பட்டுச் சிவாச்சாரியார் இல்லங்களிலும் மடங்களிலும் கோயில்களிலும் இருந்தன.

சுவடி கைக்கு வந்ததுமே ஆய்வு தொடங்கிவிடுவதில்லை. பழைய ஓலையைத் தூசி நீக்கி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, எழுத்தாணி கீறிய பள்ளங்களில் விளக்குக்கரி ஏற்றித் துடைத்த பின்னரே எழுத்துகள் கறுத்துத் தெளிகின்றன. தெளிந்த பிறகும் படிப்பு எளிதன்று. தமிழ் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது; எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை; துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். ஆகவே 'கொடு' என்று இன்று அச்சில் தோன்றும் சொல் ஏட்டில் 'கோடு' என்றும் படிக்கத்தக்கதாக இருக்கும். காலை ரகரமாகக் கொண்டால் மூன்றாவது வாசிப்பும் பிறக்கும். எது சரி என்பதை இலக்கணமும் யாப்பும் பொருளும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், ஒரு சொல்லைப் படிப்பதே ஒரு தீர்ப்பாக அமைகிறது. தீர்ப்பு என்றால் அது பிறர் மேலாய்வுக்கு உட்பட வேண்டும்.

அந்த மேலாய்வுக்கு வழி செய்தவை காகிதப் பெயர்ப்படிகள். பெயர்ப்படி என்பது ஓலையிலுள்ளதை எழுத்துக்கு எழுத்து வேறொரு தாளில் எடுத்தெழுதிய படி. நிறுவனத்தின் பண்டிதர்கள் பல ஊர்ச் சுவடிகளைத் தேவநாகரி எழுத்தில் இவ்வாறு பெயர்த்து எழுதினர். 1,100க்கும் மேற்பட்ட அப்படிகள் இன்று உள்ளன. கிரந்தம் அறியாத ஆய்வாளரும் இவற்றின் வழியாக ஆகமங்களை அணுக முடிந்தது. ஒவ்வொரு படிக்கும் வழங்கிய வரிசை எண், எந்த நாட்டில் யார் எழுதினாலும் ஒரே சான்றைச் சுட்டும் முகவரியாயிற்று. என். ஆர். பட் பதிப்பித்த ரௌரவாகமத்தின் முதல் தொகுதி 1961இல் வந்தபோது, பல சுவடிகளை ஒப்புநோக்கி, ஏற்ற பாடத்தை மேலேயும் விலக்கிய பாடபேதங்களைக் கீழேயும் தரும் செம்பதிப்பு முறை இங்கே உறுதிபெற்றது. பாடபேதம் என்பது ஒரே இடத்தில் வெவ்வேறு சுவடிகள் காட்டும் சொல் வேறுபாடு. அதை அடிக்குறிப்பில் காக்கும் பதிப்பாசிரியர், தாம் தவறியிருந்தால் திருத்துவதற்கான பொருளைத் தம் கையாலேயே வாசகரிடம் ஒப்படைக்கிறார்.

இவ்விரு நிறுவனங்களிலும் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் 'உலக நினைவகம்' பதிவேட்டில் சேர்த்தது. அக்காலத்தை ஒட்டி எண்ணிமமாக்கம், அதாவது சுவடியைப் படமெடுத்துக் கணினிக் கோப்பாக்கும் பணி, விரிவடைந்தது. பழைய பெயர்ப்படிகளின் படங்கள் முக்தபோதம் என்னும் ஆய்வமைப்பின் எண்ணிம நூலகம் வழியாகவும் உலகெங்கும் கிடைத்தன. இப்பணி புதிய திறன்களைக் கேட்டது. ஓலையின் இருபுறமும் வரிசை பிறழாமல் படமாக வேண்டும். கட்டின் எண், ஓலை எண், நூற்பெயர், கிடைத்த ஊர் ஆகியவை மேல்தரவாக, அதாவது தரவைப் பற்றிய தரவாக, ஒவ்வொரு கோப்புடனும் பிணைக்கப்பட வேண்டும். ஓர் ஓலையின் எண் மாறிப் பதிவானால் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தொலைவிலுள்ள ஆய்வாளருக்கு அது வழிதவறிய சான்றுதான்.

படத்தைப் பார்க்கலாம், ஆனால் அதற்குள் சொல்லைத் தேட இயலாது. தேடுவதற்கு எழுத்துகள் குறியேற்றம் பெற வேண்டும். அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினிகளும் ஒப்புக்கொண்ட எண் இருக்க வேண்டும். ஒருங்குறி எனப்படும் அந்தப் பொது ஏற்பாட்டில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. கிரந்தம் 2014இல்தான் இடம்பெற்றது. இதனால் கிரந்தச் சுவடிகளோடு பணிபுரிந்தோர் நெடுங்காலம் உரோமன் அல்லது தேவநாகரி எழுத்துப்பெயர்ப்பையே நம்ப வேண்டியிருந்தது. தமிழ்ப் பகுதியில் 2007இல் வெளியான எண்ணிமத் தேவாரம் ஒரு திருப்புமுனை. தி. வே. கோபாலையர் பதிப்பித்து 1984 முதல் புதுச்சேரியில் வெளிவந்த தேவாரப் பதிப்பின் தொடர்ச்சியாக, வி. எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சொல்தேடலையும் தலங்களின் நிலப்படங்களையும் ழான்-லுய்க் செவ்வியார், எஸ். ஏ. எஸ். சர்மா ஆகியோர் அதில் ஒருங்கிணைத்தனர். பின்னர் 2014 முதல் 2019 வரை ஈவா வில்டன் தலைமையில் புதுச்சேரியையும் ஹாம்பர்க்கையும் இணைத்து நடந்த ஐரோப்பிய ஆய்வுத் திட்டம், தமிழ்ச் சுவடிகளின் பாடபேதங்களையும் உரைமரபையும் இரு நகர அறிஞர்கள் சேர்ந்து ஆராயும் களமாயிற்று.

ஏட்டறைக்கு வெளியிலும் இதே ஒழுங்கு பயன்பட்டது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ், 1870 முதல் 1940 வரையிலான கிராமப் பஞ்சாயத்து வழக்குப் பதிவுகளைத் தேடிப் படியெடுக்கும் பணியைப் பிரெஞ்சு நிறுவனம் மேற்கொண்டது. மூல ஆவணம் கிடைத்த நாட்டிலேயே இருக்க, அதன் படம் மட்டும் உலகப் பொதுவாவது அத்திட்டத்தின் நெறி. தாவரவியலிலும் இணையான வளர்ச்சி உண்டு. நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பில் ஒவ்வொரு தாளும் செடியையும், பறித்த இடத்தையும், நாளையும், பெயரிட்டவரையும் சுமந்து நிற்கிறது; பின்வருபவர் பெயரைத் திருத்தினால் பழைய சீட்டைக் கிழிக்காமல் அருகில் புதுச் சீட்டு ஒட்டுவது மரபு. பிரெஞ்சு நிறுவனமும் பங்குகொள்ள 2008இல் தொடங்கிய இந்தியப் பல்லுயிர் வலைவாசலில், ஒருவர் தாம் கண்ட செடியின் படத்தை ஏற்றியதும் பிறர் இனப்பெயரை முன்மொழிந்தும் மறுத்தும் முடிவுக்கு வருவது அந்தச் சீட்டு மரபின் நீட்சியே.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்று உண்டு. சோழி, ஓலை, தாள், படம், திரை என்று கருவிகள் மாறியபோதெல்லாம், தன் வேலையைப் பிறர் சோதிக்கத்தக்கதாக வைத்துப்போகும் ஒழுக்கம் மாறாமல் வந்தது. அதனால் இன்றைய மாணவருக்குக் கணினிப் பயிற்சி அளிப்பதோடு கடமை முடிந்துவிடாது. படமாக்கப்பட்ட ஓலையும் படிக்கப்படாதவரை ஊமை ஓலைதான்; கிரந்தமும் பழந்தமிழ் எழுத்தும் படிக்கும் கண்களைப் பயிற்றுவிப்பது எண்ணிமமாக்கத்தின் பின்னிணைப்பன்று, அதன் பாதிப் பணி. அந்தப் பாதியைக் கைவிட்டால், தூமா வீதியிலும் செயின்ட் லூயி வீதியிலும் பண்டிதர்கள் எழுத்துக்கு எழுத்தாகப் பெயர்த்து வைத்த உழைப்பு, யாரும் ஒப்புநோக்க முடியாத படக்குவியலாகத் தங்கிவிடும்.