விறைப்பு மாத்திரையும் தன்பாலீர்ப்பு ஆண்களும்: அளவுகோல் யாருக்கானது?

ஆணின் விறைப்புத் திறனை எண்ணால் அளக்க மருத்துவ உலகம் இன்றும் பெரிதாக நம்பியிருப்பது, 1997இல் வெளியான 'விறைப்புச் செயல்பாட்டுக்கான பன்னாட்டுக் குறியீடு' என்னும் 15 கேள்விகள் கொண்ட படிவத்தை. சில்டெனாஃபில் மருந்தின் சோதனைகளை ஒட்டியே இது உருவானது. மறு ஆண்டு மார்ச் 27 அன்று அம்மருந்து வயாகரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. படிவத்தில் உடலுறவு என்றால் பெண்ணுறுப்பில் நுழைதல் என்று பொருள். ஆணும் பெண்ணும் கொள்ளும் உறவை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த இந்த அளவுகோல், தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களின் விறைப்புக் குறைபாட்டைச் சரியாகப் பதிவுசெய்யவில்லை. அதே ஆண்கள் மாத்திரையைப் பயன்படுத்தியபோதோ ஆய்வுலகம் அதை உடனே கணக்கெடுத்தது; ஆனால் சிகிச்சையாகப் பார்க்காமல் ஆபத்தான நடத்தையாகப் பார்த்தது. இந்த முரணைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். படிவத்தில் விறைப்புத் திறனுக்கு 6 கேள்விகள். முழு மதிப்பெண் 30. 25 அல்லது அதற்குக் கீழே வந்தால் குறைபாடு. கடந்த 4 வாரங்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஆண்களோடு மட்டும் உறவு கொள்பவர், உறவில் எப்போதும் ஏற்பவர், உடலில் எந்தக் கோளாறும் இல்லாதவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விறைப்பு ஒவ்வொரு முறையும் வருகிறது: 5. நுழைக்கப் போதுமான உறுதி இருக்கிறது: 5. விறைப்பு வரும், நிற்கும் என்ற நம்பிக்கை மிக அதிகம்: 5. மீதி மூன்று கேள்விகளும் நுழைக்க முடிந்ததா, நுழைத்த பின் விறைப்பு நின்றதா, முடியும்வரை காத்துக்கொள்வது கடினமாக இருந்ததா என்பவை. அவர் 'முயலவில்லை' என்றுதான் குறிக்க முடியும். அதற்கு மதிப்பெண் 0. கூட்டினால் 15. 11 முதல் 16 வரை வந்தால் படிவத்தின் கணக்கில் 'மிதமான குறைபாடு'. நல்ல ஆரோக்கியத்தோடு உள்ளே போனவர் நோயாளியாக வெளியே வருகிறார். மனைவியை இழந்தவருக்கும் துணையில்லாதவருக்கும் இந்தச் சுழியம் இதே தீங்கைச் செய்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ள தன்பாலீர்ப்பு ஆண்களுக்கென மாற்றியமைத்த வடிவம் 2010இல் வந்தது. ஆனாலும் மருத்துவமனை மேசைகளில் பழைய படிவமே செல்லுபடியாகிறது.

மறுபுறம், வயாகரா சந்தைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற அமெரிக்க நகரங்களில் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே ஆய்வுகள் குவியத் தொடங்கின. மாத்திரை எடுப்பவர்களிடம் ஆணுறையில்லா உறவும் பால்வினை நோய்களும் கூடுதலாக இருப்பதை அவை காட்டின. இந்தத் தொடர்பு உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. கேள்வி, காரணம் எது என்பதுதான். பெரும்பாலானவை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்ட ஆய்வுகள். எது முதலில் வந்தது என்று அவற்றால் சொல்ல இயலாது. மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் ஆசையைக் கிளப்பிவிட்டு, இரத்தக் குழாய்களைச் சுருக்கி விறைப்பைக் கெடுக்கும். அதை எடுப்பவர் அடுத்துக் கைநீட்டுவது நீல மாத்திரைக்கு. அப்படிப்பட்டவரிடம் மேகப்புண் கண்டால் பழியை எதன்மேல் போடுவது? சில்டெனாஃபில் ஆசையை உண்டாக்கும் மருந்தே அல்ல. கிளர்ச்சி எழுந்த பிறகு இரத்த ஓட்டம் நிலைக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

மாத்திரை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆணுறையை எடுத்து, பிரித்து, மாட்டும் அந்த அரை நிமிடத்தில் விறைப்பு தளர்ந்துவிடுவதாகப் பல ஆண்கள் சொல்கிறார்கள். தளர்ந்த பின் ஆணுறை நழுவும், அல்லது கழற்றி எறியப்படும். இதற்காகவே மாத்திரை எடுப்பவருக்கு அது பாதுகாப்பான உறவுக்கான கருவி. 'கடந்த ஆறு மாதங்களில் வயாகரா எடுத்தீர்களா?' என்று மட்டும் கேட்கும் ஆய்வில் இவரும் மெத்தாம்பெட்டமைன் எடுப்பவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். மனச்சோர்வு மருந்தால் விறைப்பு குன்றியவர், நீரிழிவு உள்ளவர், இளமைப் போட்டியில் பின்தங்கிவிடுவோமோ என்று அஞ்சும் ஐம்பது வயதுக்காரர் எல்லோரும் அதே கட்டத்துக்குள்தான். ஏன் எடுத்தீர்கள் என்ற கேள்வி இல்லாத தரவை வைத்து ஒரு சமூகத்தின் ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்பெழுதுவது என் பார்வையில் ஆய்வாகாது.

இதனால் மாத்திரை தீங்கற்றது என்றாகிவிடாது. தீங்கு எங்கே என்பதைச் சரியாகக் காட்ட வேண்டும். எச்.ஐ.வி. சிகிச்சையில் ரிட்டோனாவிர் சேர்ந்த கூட்டு மருந்து எடுப்பவரின் ஈரலில் சில்டெனாஃபிலைச் சிதைக்கும் நொதி முடங்கிப்போகிறது. உடலில் மருந்தின் மொத்த அளவு பதினோரு மடங்குவரை ஏறக்கூடும். அதனால்தான் அவர்களுக்கு 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற வரம்பு. மற்றவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவே 50. டொலுடெக்ராவிர் என்னும் மற்றோர் எச்.ஐ.வி. மருந்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. இந்திய அரசின் திட்டம் 2020 முதல் அதை அடிப்படையாகக் கொண்ட கூட்டு மாத்திரைக்கு மாறியது. இரண்டாம் கட்டச் சிகிச்சையில் ரிட்டோனாவிர் எடுப்போருக்கோ எச்சரிக்கை இன்னும் தேவை.

நம் ஊர் நிலைமை வேறு. சட்டப்படி மருத்துவர் சீட்டு வேண்டும். மருந்துக் கடையில் பெயரைச் சொன்னாலே கிடைத்துவிடுகிறது. விறைப்புக் குறைபாடு பல நேரம் இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் முன்னறிவிப்பு. கடையில் வாங்கி விழுங்குபவர் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் வாய்ப்பை இழக்கிறார். தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. சென்னையில் தம்மைக் கோத்தி (பெண்மைச் சாயல் கொண்ட, உறவில் பெரும்பாலும் ஏற்பவராக இருக்கும் ஆண்) என்று சொல்லிக்கொள்வோரில் வீட்டு வற்புறுத்தலுக்கு இணங்கித் திருமணம் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆணோடு இருக்கையில் குறையில்லாமலும் மனைவியோடு இருக்கையில் இயலாமலும் போவதற்கு இரத்தக் குழாய் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த மாத்திரை மூடி மறைப்பது நோயை அல்ல, திருமணத்தை. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப் பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தளர்த்தியது. ஆனாலும் 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்பதைத் தாண்டிக் கேட்கும் மருத்துவர்கள் அரிது.

மிக அவசரமான ஆபத்து இதே மௌனத்தில் இருக்கிறது. மோந்து பார்க்கும் 'பாப்பர்ஸ்' என்ற நைட்ரைட் திரவமும் இம்மாத்திரையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரியும். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட்டும் அப்படியே. சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகை மருந்தான டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் தரக் கூடாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவரிடம், மனைவியும் மைத்துனரும் கட்டிலைச் சுற்றி நிற்க, 'வேற ஏதாவது மாத்திரை போட்டீங்களா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். உறவினரை ஒரு நிமிடம் வெளியே நிறுத்திவிட்டு, திருமணமானவர், ஆகாதவர் என்று பார்க்காமல் ஒவ்வோர் ஆணிடமும் மருந்தின் பெயரைச் சொல்லி, எத்தனை மணிக்கு எடுத்தார் என்று கேட்பதைப் பணிமுறையாக எழுதி வைப்பதற்குப் புதிய கருவியோ செலவோ தேவையில்லை.