பொழுதறிந்த தோட்டம்

பெங்களூரில் 1870ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கப்பன் பூங்காவில், மாலை வெயில் மஞ்சளாகும் நேரத்தில், அகன்ற குடை விரித்தாற்போல் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் அடியில் அண்ணாந்து பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும் பொறுமை உடையவருக்கு, தாவரங்கள் தம்மைச் சூழ்ந்த உலகை உணருகின்றனவா என்ற கேள்விக்கு விடை தேடி வேறெங்கும் போக வேண்டிய அவசியம் இராது. நண்பகலில் வெயிலை வடிகட்டி நிறுத்தியிருந்த சிற்றிலைகள் இணை இணையாக மடிந்து தொங்கத் தொடங்க, சற்று முன்வரை பச்சைக் கூரையாக இருந்த இடத்தில் வானத்தின் கீற்றுகள் தெரிய ஆரம்பிக்கும். காற்று அசைக்கவில்லை, கை தீண்டவில்லை, இருளும் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. பொழுது சாய்வதை மரம் அறிந்துகொண்டது.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த இந்த விருட்சத்துக்குத் தமிழ் மக்கள் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் அதற்கு மழை மரம் என்று பெயர். மேகம் திரண்டு ஒளி குன்றினாலும் அது இலைகளை மடக்கிக்கொள்ளும், மழைநீர் தடையின்றி அடிமண்ணைச் சேரும். ஊர்ப்பெயர்களைச் சாசனமாகக் கொண்டு சரித்திரம் எழுதுகிறவர்கள் மரப்பெயர்களையும் அவ்வாறே படிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். சாஸ்திர உலகம் இதே உறக்கத்தைத் தன் வழியில் ஆராய்ந்தது. 1729இல் பாரிஸ் நகரத்து வானியலாளர் தெ மைரான், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தபோதும் அது காலையில் இலை விரித்து மாலையில் மடிப்பதைக் கண்டு எழுதினார். செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அதுவே முதற் சான்றாயிற்று. 1970களில் அமெரிக்காவில் ரூத் சாட்டர் என்ற பெண் விஞ்ஞானி, நம் தூங்குமூஞ்சி மரத்தையே எடுத்துக்கொண்டு, இலைக்காம்பின் அடியிலும் சிற்றிலைகளின் அடியிலும் உள்ள சிறு புடைப்புகளில் நடப்பதை விளக்கினார். அங்குள்ள உயிரணுக்களுக்குள் பொட்டாசியம் புகுந்தால் நீரும் கூடவே புகுந்து அவை பருக்கின்றன, வெளியேறினால் சுருங்குகின்றன, ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சுருங்கும்போது இலை திரும்புகிறது. அறிந்துகொள்ளும் ஆற்றலும் அதன்படி நடக்கும் ஆற்றலும் ஓர் அரிசிமணி அளவுள்ள இடத்தில் குடியிருக்கின்றன.

செடியின் இந்த உணர்வைப் படித்தறிவதையே தொழிலாகக் கொண்டு ஒரு நகரத்தையே சமைத்தார்கள் என்பதுதான் பெங்களூரின் விசேஷம். 1760ஆம் ஆண்டளவில் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். அவருடைய மைந்தர் திப்பு சுல்தான் தூரதேசங்களிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து அதை விரிவாக்கினார். மண்ணைக் கொத்தி நீர் பாய்ச்சி அத்தோட்டத்தை உருவாக்கிய கைகளில் திகளரின் கைகள் முக்கியமானவை என்று ஊர் வழக்கு சொல்கிறது. கன்னடத்தில் திகளர் என்ற சொல் ஒரு காலத்தில் தமிழரையே குறித்தது. தமிழகத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறி, ஏரிக்கரைகளில் பூவும் காயும் கீரையும் பயிரிட்ட அச்சமூகத்தாருக்குத் தோட்ட வேலை குலத்தொழிலாக இருந்தது. அவர்கள் நூல் எழுதி வைக்கவில்லை. ஆயினும், எந்த நாற்று எந்த ஈரத்தில் முகம் வாடும், எந்தக் கொடி எந்தத் திசைக்குக் கை நீட்டும் என்பன போன்ற நுட்பங்கள் தகப்பனிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் இறங்கி வந்தன.

1874 முதல் 1908 வரை லால்பாகின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் காமெரன் காலத்தில்தான் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. நம் சமையலறைகளுக்கு அவர் செய்த உபகாரம் அதனினும் பெரிது: சௌசௌ என்னும் காயை இங்கே பரப்பியவர் அவரே, தமிழ்நாட்டில் இன்றும் அதற்குப் பெங்களூர் கத்தரிக்காய் என்று பெயர். அக்கொடியின் பற்றுக்கம்பியை ஒரு குச்சியால் மெல்லத் தடவிவிட்டுச் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தால், தொட்ட பக்கமாக அது வளைந்திருப்பதைக் காணலாம். உயிர்களை அவற்றின் அறிவை எண்ணி வகுத்த தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் தீண்டலுணர்வு ஒன்றே உடைய வகுப்பில் வைத்தார். அவற்றை உணர்வற்ற பொருள்களோடு சேர்க்கவில்லை. பந்தலைத் தேடித் துழாவும் சௌசௌக் கொடியைப் பார்க்குந்தோறும் அந்த வகுப்பு எவ்வளவு கூர்ந்த பார்வையிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று நான் வியப்பதுண்டு.

காமெரனுக்குப் பின், 1908இல், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அழைப்பின் பேரில் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து சேர்ந்தவர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல். ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே 1865இல் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, 1893 முதல் பரோடா மன்னரின் தோட்டங்களைப் பேணிய அவர், 1932 வரை லால்பாகில் பணியாற்றி, 1956இல் பெங்களூரிலேயே காலமாகி, இம்மண்ணிலேயே அடங்கினார். அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் திட்டம் ஒன்று உண்டு: ஒரு வீதியின் மரங்கள் பூத்து ஓயும்போது மற்றொரு வீதியின் மரங்கள் பூக்கத் தொடங்க வேண்டும்; வருஷத்தின் எந்த மாதத்திலும் நகரத்தில் ஏதேனும் ஒரு மரம் மலர்ந்திருக்க வேண்டும். மழைக்காலம் கழிந்ததும் மரமல்லி வெண்பூக்களை உதிர்க்கும், பனிக்காலத்தில் இலையுதிர்ந்த தபேபூயா இளஞ்சிவப்பாய் வெடிக்கும், பின்பு அதன் மஞ்சள் இனமும், நீலம் கலந்த ஊதாவில் ஜகரந்தாவும், வெயில் ஏற ஏறச் சரக்கொன்றை, ஐயாவாகை, தீப்பிடித்தாற்போன்ற மயில்கொன்றை, அவற்றோடு பூமருது. சங்கீத வித்துவான் ராகங்களை வரிசைப்படுத்துவதுபோல மரங்களை வரிசைப்படுத்தும் இக்கலைக்கு அடிப்படையான நம்பிக்கை ஒன்றே: ஒவ்வொரு மரமும் பருவத்தைத் தானாக உணரும், உணர்ந்து தன் முறைக்குத் தவறாமல் மலரும். மழை நின்றதையும், மண் உலர்ந்ததையும், இரவு குளிர்ந்ததையும், பகல் நீண்டதையும் வேரும் இலையும் மொட்டும் அறியாவிட்டால் அந்த வரிசை ஓர் ஆண்டுகூட நிற்காது.

எனினும் இத்திட்டத்தின் புகழ் முழுவதையும் ஒருவர் பெயரில் எழுதுவது நியாயமன்று. அவருக்குப் பின்வந்த எச். சி. ஜவரையா, எம். எச். மரிகௌடா ஆகியோர் அப்பணியை வளர்த்தார்கள். 1980களில் வனத்துறை அதிகாரி சேதுராம் நெகின்ஹால் தலைமையில் ஐந்தாண்டுகளில் சுமார் 15 இலட்சம் மரங்கள் நடப்பட்டன. இவர்கள் எல்லோருக்கும் கீழே, பெயர் எழுதப்படாத நூற்றுக்கணக்கான தோட்டக்காரர்கள் இருந்தார்கள்.

அந்தப் பெயரற்றவர்களின் ஞானத்துக்கு லால்பாக் மலர்க்காட்சி ஒரு பிரத்தியட்ச சாட்சி. 1912இல் மைசூர்த் தோட்டக்கலைச் சங்கம் நிறுவப்பட்டது முதல் மலர்க்காட்சி இந்நகரின் திருவிழாக்களில் ஒன்றாயிற்று. இன்று குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. குறித்த நாளில் ஆயிரக்கணக்கான செடிகள் ஒருசேர மலர வேண்டுமென்றால், அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கவும், எண்ணி நுனி கிள்ளவும் வேண்டும். நாற்று வேர்பிடித்துச் சில இலைகள் விட்டதும் தோட்டக்காரர் அதன் நுனிக்குருத்தைக் கிள்ளிவிடுவார். தலை போன செடி வாடிப்போவதில்லை. கணுக்களில் உறங்கிக் கிடந்த மொட்டுகளையெல்லாம் எழுப்பிவிட்டுப் பக்கமெல்லாம் கிளைக்கும். நுனியிலே உண்டாகிக் கீழிறங்கும் ஆக்ஸின் என்னும் பொருளே பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்று தீமனும் ஸ்கூகும் 1930களில் காட்டினார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு வெகுகாலம் முன்பே, தோட்டக்காரரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தமக்கு வேண்டிய அளவு அதை அறிந்திருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், தாவரங்கள் உணருகின்றனவா என்ற கேள்வியை வேறொரு வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். 1901 மே மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் சபையில் தாவரங்களின் மின்சார எதிர்வினைகளைக் காட்டியதும், செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியைச் சமைத்ததும், 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி ஸ்தாபனம் நிறுவியதும் பலர் அறிந்தவை. பரீத்பூரில் மாலைதோறும் தலை சாய்த்துக் காலையில் நிமிர்ந்த ஈச்சமரம் ஒன்றை மக்கள் கோயில் மணியோசைக்குத் தலைவணங்கும் பக்தன் என்று கருதி வழிபட்டபோது, போஸ் அம்மரத்தில் பதிவுக்கருவியைப் பூட்டி, அது வெப்பத்தின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப அசைகிறது என்று நிரூபித்தார். அதனால் மரத்தின் பெருமை குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. மணியோசையைவிட நுண்மையான ஒன்றை அது கேட்டுக்கொண்டிருந்தது. செடிகளில் மின்சாரச் செய்தி ஓடுகிறது என்ற அவருடைய கொள்கை பிற்காலத்தில் உறுதிப்பட்டது. ஆனால் நரம்பு, இதயத்துடிப்பு என்ற பிராணி உடலின் சொற்களை அவர் செடிக்கும் சூட்டியது பலருக்கு இசையவில்லை, எனக்கும் இசையவில்லை. 1950களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் டி. சி. என். சிங் வீணையும் வயலினும் இசைக்கச் செய்து செடிகள் செழித்தன என்று அறிவித்தார். தாவரவியலார் பலர் அதைப் போதிய சான்றாக ஏற்கவில்லை. வீணை நமக்கு இனியது. செடிக்கு இனியவை எவை என்று கேட்பதற்கு, அதன் வாழ்வை அதன் இடத்திலிருந்து பார்க்கும் பணிவு வேண்டும். பெங்களூர்த் தோட்டக்காரர்களிடம் நான் போற்றுவது அந்தப் பணிவையே.

அப்பணிவின் உச்சத்தைச் செவந்தி வயல்களில் காணலாம். பெங்களூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை சுமார் ஒன்றரை மணி நேரமே; அலுவலகம் போய் வரும் மனிதன் அதைக் கவனிப்பதே இல்லை. செவந்தி கவனிக்கிறது. பகல் குறுகி இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். வாஷிங்டன் அருகே கார்னர், அல்லார்டு என்ற இருவர் கோடையில் பூக்க மறுத்த ஒருவகைப் புகையிலையைத் தினமும் மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து மலரச் செய்து, 1920இல் இந்தப் பகலளவு ரகசியத்தை வெளியிட்டார்கள். செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தையே என்பது 1938இல் தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி காட்டினால் அதன் கணக்குக் கலைந்துவிடும். செவ்வொளியை அறியும் பைட்டோகுரோம் என்ற நிறமியைச் செடிக்குள் கண்டறிந்தது 1959இல். இன்று ஓசூர்ப் பக்கமும் பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இரவில் பயணம் செய்கிறவர்கள், இருண்ட வயல்களின்மேல் வரிசை வரிசையாக பல்புகள் எரிவதைப் பார்த்து ஏதோ கல்யாணம் என்று எண்ணக்கூடும். செவந்தி அவசரப்பட்டு மொட்டு வைக்காதபடி இரவைத் துண்டாக்கி, பூவுக்கு விலையேறும் பண்டிகையிலிருந்து வாரங்களைப் பின்னோக்கி எண்ணி, குறித்த நாளில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள் விவசாயிகள். அன்றுமுதல் செடி இரவை மறுபடி முழுமையாக எண்ணத் தொடங்குகிறது.

சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தால் பெங்களூர் வீதிகளில் 1905இலேயே விளக்கெரிந்தது. மூன்றாண்டு கழித்துக் கிரும்பீகல் தம் மரவரிசையோடு வந்தது அப்படி விளக்கெரிந்த நகரத்துக்கே. தெருவிளக்கின் அருகே நிற்கும் மரங்கள் இலையுதிர்க்கத் தாமதிப்பதை 1936இல் நியூயார்க்கில் மாட்ஸ்கே என்ற தாவரவியலார் பதிந்து வைத்தார். இன்று விழாக்காலங்களில் அடிமரத்தினின்று உச்சிக்கிளைவரை மின்விளக்குச் சரம் சுற்றப்பட்டு, விடியும்வரை எரியவிடப்படும் மரங்களைப் பார்க்கும்போது என் மனம் பொறுப்பதில்லை. செவந்தி வயலின் விளக்கு செடியின் அறிவை மதித்து, கணக்கிட்டு ஏற்றப்படுவது. இந்த விளக்கு அந்த அறிவு இருப்பதையே நினைத்துப் பாராமல் ஏற்றப்படுவது. பருவமழை பிறழும் ஆண்டுகளில் தபேபூயாக்கள் முறைதவறிப் பூப்பதை நகரத்தார் அதிசயமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பருவத்தைப் படிக்கிற உயிர், பிறழ்ந்த பருவத்தையும் உள்ளபடியே படித்துச் சொல்கிறது.

கிருஷ்ணராஜ மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் வந்து குவியும் மல்லிகை, மூடிய மொட்டாகவே வரும். காம்பிலிருந்து பிரிந்த பின்னும் தன் பொழுதை மறவாத அம்மொட்டு மாலையில் விரியும். பூத்தொழில் முழுவதும் அந்த ஒரு நாள் கெடுவுக்குள் பறித்து, தொடுத்து, விற்று முடிகிறது. சைத்திர மாதப் பௌர்ணமியன்று திகளரப்பேட்டைத் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து, திகளர் குலத்தவர் ஒருவர் பெண்கோலம் பூண்டு, திரௌபதியம்மனின் கரகத்தைத் தலையில் தாங்கிப் புறப்படுவார். கோபுரம்போல் உயர்ந்த அப்பூங்கரகம் மல்லிகையால் ஆனது. இரவு நெடுநேரம் கழிந்து, தெருவின் இருமருங்கிலும் காத்துநிற்கும் ஜனங்கள் மல்லிகையை வாரி இறைக்க அவர் வெளியே வரும்போது, விடியலில் மொட்டாகக் கொய்யப்பட்ட பூக்கள் யாவும் தம் நேரம் அறிந்து விரிந்திருக்கும்.