ஹீப்பில் இடம் இருக்கு, கன்டெய்னர் ஏன் சாகிறது? ஜாவாவின் நேட்டிவ் மெமரி கணக்கு

ராத்திரி 2 மணிக்கு உங்கள் சர்வீஸ் விழுந்துவிட்டது. குபெர்னெட்டிஸ் காட்டும் எக்ஸிட் கோடு 137. லாகில் ஜாவாவின் 'அவுட் ஆஃப் மெமரி' எரர் ஒன்றுகூட இல்லை. டாஷ்போர்டில் ஹீப் பாதிதான் நிரம்பியிருக்கு. அப்போ கொன்றது யார்?

பெரும்பாலும் லினக்ஸ் கர்னல். 128-உடன் 'கில்' சிக்னலின் எண்ணான 9-ஐக் கூட்டினால் 137. கன்டெய்னரின் வரம்பை ப்ராசஸ் தாண்டியதும் கர்னல் சொல்லாமல் கொள்ளாமல் முடித்துவிடும். எரர் எழுதக்கூட ஜாவாவுக்கு நேரம் கிடைக்காது. நீங்கள் பார்த்தது ஹீப்பை. கர்னல் பார்ப்பது ப்ராசஸ் முழுவதையும்.

ஹீப்புக்கு வெளியே என்ன இருக்கு?

த்ரெட் ஸ்டாக், கம்பைல் ஆன கோடு, கிளாஸ் விவரங்கள் இருக்கும் மெட்டாஸ்பேஸ் எல்லாம் வெளியேதான். இவை பொதுவாக ஓரளவோடு நின்றுவிடும். தலைவலி தருவது, நீங்களோ நீங்கள் சேர்த்த லைப்ரரியோ தனியாகக் கேட்டு வாங்கும் நேட்டிவ் மெமரி. நெட்டி பயன்படுத்தும் டைரக்ட் பஃபர்கள் இந்த ரகம்.

ஏன் வெளியே போகணும்? கார்பேஜ் கலெக்டர் ஆப்ஜெக்ட்களை இடம் மாற்றும். சி லைப்ரரிக்கு ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டு, அடுத்த நொடி அந்த ஆப்ஜெக்டை நகர்த்தினால் கதை கந்தல். நெட்வொர்க்கில் எழுதும்போதும் இதே சிக்கல். ஹீப்பில் உள்ள பைட்களை ஜேடிகே முதலில் வெளியே நகல் எடுத்துத்தான் அனுப்பும். அந்த நகலைத் தவிர்க்க 2002-இல், ஜாவா 1.4-இல், டைரக்ட் பைட்பஃபர் வந்தது.

வினையும் அங்கேதான் தொடங்கியது. ஹீப்பில் இருப்பது குடோன் ரசீது மாதிரி ஒரு குட்டி ஆப்ஜெக்ட். வெளியே அது பிடித்து வைத்திருப்பது 100 எம்பியாக இருக்கலாம். கலெக்டர் எடை போடுவது ரசீதை மட்டும். ஹீப்பில் இடம் தாராளமாக இருந்தால் அது ஓட அவசரப்படாது. ரசீது போகும்வரை சரக்கும் நகராது.

இதற்கு வரம்பே இல்லையா என்றால், இருக்கு. 'மேக்ஸ் டைரக்ட் மெமரி சைஸ்' என்ற ஆப்ஷன். அதை நீங்கள் வைக்காவிட்டால், ஏறக்குறைய ஹீப்பின் உச்ச அளவையே ஜாவா இதற்கும் எடுத்துக்கொள்ளும். 2 ஜிபி கன்டெய்னரில் 1.5 ஜிபி ஹீப் கொடுத்தீர்கள் என்றால், டைரக்ட் பஃபரும் தன் பங்குக்கு 1.5 ஜிபி வரை போகலாம். மொத்தம் 3. கணக்கு எங்கே உதைக்கிறது, பாருங்கள்! இன்னொரு பொறி: வரம்பைத் தொடும்போது ஜேடிகே தானே கலெக்டரை ஓடச் சொல்லும். 'டிஸேபிள் எக்ஸ்ப்ளிசிட் ஜிசி' போட்டிருந்தால் அந்தக் கடைசி முயற்சியும் போச்சு.

'அன்சேஃப்' வழியாக மெமரி வாங்கும் லைப்ரரிகளுக்கு இந்த வரம்பும் பொருந்தாது. பெயரே எச்சரிக்கைதான். எல்லை தாண்டி எழுதினாலும் கேட்பாரில்லை. ஜேவிஎம் விழுந்தால் நல்ல காலம். விழாமல் பக்கத்து டேட்டாவைக் கெடுத்தால் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

அரீனா என்ன மாற்றுகிறது?

2024 மார்ச்சில் வந்த ஜாவா 22-இல் 'ஃபாரின் ஃபங்ஷன் அண்ட் மெமரி' ஏபிஐ இறுதி வடிவம் பெற்றது. இதில் 'அரீனா' ஒன்றைத் திறந்து அதற்குள் மெமரி வாங்குகிறீர்கள். ட்ரை பிளாக் முடிந்து அரீனா மூடியதும் அத்தனையும் அந்த நிமிடமே திரும்பிவிடும். கலெக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். மூடிய பிறகு தொட்டாலோ, எல்லை தாண்டினாலோ எக்ஸப்ஷன் வரும். 'கன்ஃபைண்டு' வகை அரீனாவை, திறந்த த்ரெட் தவிர வேறு த்ரெட் தொட முடியாது. பைட்பஃபருக்கு இருந்த 2 ஜிபி தடையும் இல்லை.

'ஆட்டோ' வகை அரீனாவை மட்டும் யோசித்து எடுங்கள். அதை விடுவிப்பது மறுபடியும் கார்பேஜ் கலெக்டர்தான். பழைய ரசீதுக் கதை திரும்பும். அதோடு, முகவரி சி கோடுக்குள் போன பிறகு அங்கே நடக்கும் தப்பை எந்த அரீனாவும் தடுக்காது.

அன்சேஃபின் மெமரி வழிகள் ஜாவா 23-இல் நீக்கப்படவிருப்பவையாக அறிவிக்கப்பட்டன. ஜாவா 24 முதல் ஓடும்போதே எச்சரிக்கை வருகிறது. உங்கள் லாகில் அந்த வரி தெரிந்தால் லைப்ரரியின் புதிய வெர்ஷனைத் தேடுங்கள்.

இன்னும் ஜாவா 17 அல்லது 21-இல் இருக்கிறீர்களா? 21-இல் இந்த ஏபிஐ முன்னோட்ட நிலையில்தான் இருக்கு, புரொடக்ஷனில் வேண்டாம். ஆனால் டைரக்ட் மெமரி வரம்பை இன்றே கையால் வைக்கலாம். ஹீப்பையும் அதையும் கூட்டிய பிறகும் கன்டெய்னரில் இடம் மிஞ்ச வேண்டும். 'நேட்டிவ் மெமரி டிராக்கிங்' ஆப்ஷனை ஆன் செய்தால், எந்தப் பகுதி எவ்வளவு தின்கிறது என்று ஜேசிஎம்டி கருவி பிரித்துக் காட்டும். கொஞ்சம் வேகம் குறையும். சி லைப்ரரிகள் தாங்களே வாங்கும் மெமரி அதில் வராது. அந்தக் கணக்குக்கும் ப்ராசஸின் மொத்த அளவுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், அடுத்து சந்தேகப்பட வேண்டியது ராக்ஸ்டிபி போல நேட்டிவ் கோடு வைத்திருக்கும் லைப்ரரிகளை.