நிணநீரின் வழியும் கத்தியின் வழியும்

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பதை நம் பாட்டிகள் அறிவர். ஓரிடத்து நோய்க்கு இன்னோரிடம் ஏன் வீங்க வேண்டும்? 1622இல் இத்தாலியின் காஸ்பரே அசெல்லி, உணவுண்ட நாயொன்றின் வயிற்றைத் திறந்தபோது குடலருகே வெண்ணிற நூல் போன்ற குழாய்களைக் கண்டார். 1653இல் டென்மார்க்கின் தாமஸ் பார்தோலின், உடலெங்கும் பரவிய இத்தகைய குழாய்களுக்கு நிணநீர்க்குழாய்கள் என்று பெயரிட்டார்.

இவ்வழியைப் புற்றுநோயோடு சேர்த்து எண்ணியவர் பாரிஸின் அறுவை மருத்துவர் ல திரான். கரும்பித்தம் மிகுந்து உடல் முழுவதும் கெடுவதே புற்று என்பது பழைய கொள்கை. மார்புப் புற்று முதலில் அவ்விடத்து நோயே, பிறகுதான் நிணநீர் வழியே அக்குளை அடைகிறது என்று 1757இல் அவர் எழுதினார். அப்படியானால் வழியை முந்திக்கொண்டு அறுத்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்நம்பிக்கையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட். மார்பகம், அடியிலுள்ள தசைகள், அக்குளின் நிணநீர்க்கணுக்கள் அனைத்தையும் ஒருசேர அகற்றிய 50 சிகிச்சைகளின் விவரத்தை 1894இல் வெளியிட்டார். பல பத்தாண்டுகள் அதுவே நியதியாயிற்று. பிழைத்த பெண்கள் குழிந்த மார்போடு வாழ்ந்தார்கள். வடிகால் அறுபட்டுப் பலருக்குக் கையும் வீங்கியது.

1971இல் பெர்னார்ட் ஃபிஷர் 1,600க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு ஓர் ஒப்பீட்டைத் தொடங்கினார். 25 ஆண்டு முடிவு 2002இல் வந்தது. அதிகம் வெட்டியதால் ஆயுள் கூடவில்லை. பலருக்குக் கத்தி வருமுன்பே நோய் புறப்பட்டுவிட்டிருந்தது.

ஹால்ஸ்டெட் நிணநீர்க்குழாயை நோய் சென்றுசேரும் வெறும் பாதையாகக் கண்டார். 2001இல் எலிகளில் நடந்த ஆய்வுகள் வேறு கதை சொல்லின. கட்டி சுரக்கும் ஒருவகைப் புரதம் தன்னருகே புதிய நிணநீர்க்குழாய்களை முளைக்கச் செய்கிறது. அக்குழாய்களின் சுவர் மெலிது. செல்களின் விளிம்புகள் தளர்வாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் புற்றுச்செல் நுழைவது எளிது. கணுவை அடைந்த செல்கள் அங்குள்ள இரத்தக்குழாய்க்குள் புகுந்து நுரையீரல்வரை செல்லக்கூடும் என்பதை 2018இல், மீண்டும் எலிகளில், கண்டார்கள். ஆகவே ஹால்ஸ்டெட்டின் அச்சம் முற்றிலும் பொய்யல்ல. அதற்கு அவர் கண்ட மருந்துதான் அளவு மீறியது.

இன்று, தொடக்கநிலை நோயில் பெரும்பாலும், நிணநீர் முதலில் சென்றடையும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அவற்றில் புற்று இல்லையெனில் மற்றவற்றைத் தொடுவதில்லை. இந்த நிதானத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள், வீங்கிய கையோடு வாழ்ந்து மறைந்த அந்தப் பெண்கள்.