வூஸ்டர், 1774: குடியேற்றங்களின் பூசல் போராக முற்றிய கட்டம்

பிரிட்டனுக்கும் அதன் வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் இடையிலான பூசல், 1774 ஆகஸ்டுக்கும் 1775 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் போராக முற்றியது. 1765இன் முத்திரைச் சட்டம், 1770இன் பாஸ்டன் துப்பாக்கிச்சூடு, சென்னைக் கோட்டையையும் கையில் வைத்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை 1773 டிசம்பரில் கடலில் கொட்டப்பட்டது என நீளும் முன்கதை பலரும் அறிந்ததே. வரி எதிர்ப்பு, சரக்குப் புறக்கணிப்பு, மனு என்று பத்தாண்டு நடந்த தகராறு அந்த ஒன்பது மாதத்தில் மட்டும் ஏன் ஆயுதம் ஏந்தியது என்பதற்கு இந்த முன்கதையில் விடை இல்லை.

இக்கேள்விக்கு ஆய்வுலகில் அதிகம் எடுத்தாளப்படும் விடை வரலாற்றாசிரியர் பெர்னார்டு பெய்லினுடையது. 1776 வரையிலான கால் நூற்றாண்டில் குடியேற்றங்களில் அச்சேறிய 400க்கும் மேற்பட்ட துண்டுப் பிரசுரங்களே 1967இல் வெளிவந்த அவரது நூலுக்கு அடித்தளம். ஆட்சி அதிகாரம் என்றைக்கும் மக்களின் சுதந்திரத்தை விழுங்கவே பார்க்கும் என்ற அச்சம் இங்கிலாந்தின் எதிரணி எழுத்தாளர்களிடமிருந்து குடியேறிகளுக்கு வந்தது. அதனால் லண்டனில் நிறைவேறிய ஒவ்வொரு சட்டமும் ஒரே சதியின் அடுத்த படியாக அவர்கள் கண்ணுக்குப் பட்டது. கிளர்ச்சியின் உந்துவிசை அதுதான் என்கிறார் பெய்லின். இவ்வாசிப்பின் வலிமையை மறுக்க முடியாது. வெறும் பிரச்சாரம் என்று முந்தையோர் ஒதுக்கிய சொற்களை, எழுதியவர்கள் உண்மையாகவே நம்பினார்கள் என நிறுவியவர் அவர்.

ஆனால் சதி குறித்த அச்சம் 1765இலேயே அச்சில் இருந்தது, போர் வரவில்லை. பிரசுரங்கள் பெரும்பாலும் பாஸ்டன், பிலடெல்பியா போன்ற துறைமுக நகரங்களில் அச்சானவை. மன்னராட்சி முதலில் சரிந்ததோ மாசச்சூசெட்ஸின் உட்பகுதி விவசாய ஊர்களில். தேயிலை கொட்டியதற்குத் தண்டனையாக வந்த 1774இன் ஒடுக்குமுறைச் சட்டங்கள் பழைய அச்சத்தை உறுதிசெய்தன என்று பெய்லின் தரப்பில் பதில் கூறலாம். அப்படியானால் துறைமுகமே மூடப்பட்டு நேரடியாக அடிபட்ட பாஸ்டனல்லவா முதலில் எழுந்திருக்க வேண்டும்? அங்கே படை குவிந்திருந்தது என்பது பாதி விடைதான்.

மீதி விடை அவற்றுள் ஒன்றான மாசச்சூசெட்ஸ் அரசாங்கச் சட்டத்தில் இருக்கிறது. 1774 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், அதுவரை தேர்ந்தெடுக்கப்பட்ட மேலவையை மன்னரின் நியமன அவையாக்கியது. ஊர்க்கூட்டத்தை ஆளுநர் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூட்டக் கூடாது என்றது. ஜூரிகளைப் பொறுக்கும் உரிமையை ஆளுநர் நியமிக்கும் ஷெரிஃபிடம் கொடுத்தது. தேயிலை வரியைத் தேநீர் குடிக்காமல் தவிர்த்துவிடலாம். கடன் வழக்கும் நில வழக்கும் நடக்கும் நீதிமன்றத்தை எந்த விவசாயியாலும் தவிர்க்க முடியாது. ஆகஸ்டு 16 அன்று கிரேட் பாரிங்டனில் சுமார் 1,500 பேர் திரண்டு நீதிமன்றத்தை நடக்கவிடாமல் செய்தார்கள். மாத இறுதியில் ஸ்பிரிங்ஃபீல்டிலும் அதுவே நடந்தது.

செப்டம்பர் 6 அன்று வூஸ்டரில் நடந்ததற்கு அரியதொரு ஆவணம் உண்டு. வந்தவர்களுள் ஒருவரான பிரெக் பார்க்மன் என்பவர் ஊர்வாரியாகத் தலை எண்ணி எழுதிவைத்த பட்டியல் அது. வின்செண்டன் 45, அக்ஸ்பிரிட்ஜ் 156 என்று நீண்டு, 37 ஊர்களுக்கு 4,622 பேர் என முடிகிறது. மாவட்டத்தின் வயது வந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதி இது என்பது வரலாற்றாசிரியர் ரே ராஃபேலின் கணிப்பு. அலையாகத் திரண்ட கும்பலை இப்படி எண்ண இயலாது. ஒவ்வோர் ஊரும் தன் ஊர்ப்படை அணியாக வந்து நின்றதால்தான் கணக்கு சாத்தியமாயிற்று. இருபுறமும் அணிகள் நிற்க, நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடுவே நடந்து, புதிய சட்டத்தின்கீழ் பணிபுரிய மாட்டோம் என்ற உறுதிமொழியை முப்பது முறை அளவுக்கு உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. இருந்தும் படைக்கான அமைப்பு அன்றே கண்முன் நின்றது.

அணியில் நின்ற விவசாயிகள் தம் நோக்கத்தை எழுதிவைக்கவில்லை. ஆகவே பின்னாளைய சான்று ஒன்றைத் துணைக்கு அழைக்க வேண்டியுள்ளது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1786இல், ஷேஸ் கிளர்ச்சியின்போது இதே வூஸ்டர், இதே கிரேட் பாரிங்டன் நீதிமன்றங்களைக் கடன்பட்ட விவசாயிகள் மீண்டும் மூடினார்கள். இம்முறை எதிரில் இருந்தது மன்னரல்ல, அவர்களே போராடிப் பெற்ற அரசு. மன்னராட்சிச் சதி என்ற அச்சத்தால் இந்த இரண்டாம் மூடலை விளக்க முடியாது. நீதிமன்றம் யார் கையில் என்ற கேள்வி இரண்டையும் விளக்குகிறது. பின்னதைக் கொண்டு முன்னதை வாசிப்பதில் இடர் உண்டுதான். 1774இன் தீர்மானங்களில் பிரசுரங்களின் அடிமைத்தனம், கொடுங்கோன்மை என்ற சொற்களும் தாராளமாகவே வருகின்றன. எனினும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது ஒன்று, ஆட்கள் ஏன் வந்தார்கள் என்பது வேறு.

1774 செப்டம்பர் 6 அன்று வூஸ்டரில் அரசுப் படை இல்லாமற்போனதற்கும் காரணமுண்டு. நீதிமன்றத்தைக் காக்கப் படை அனுப்ப நேரிடும் என்று ஆகஸ்டு இறுதியில் லண்டனுக்கு எழுதியவர் ஆளுநர் தாமஸ் கேஜ். செப்டம்பர் 1 அன்று பாஸ்டனை அடுத்த வெடிமருந்துக் கிடங்கிலிருந்து 250 அரைப்பீப்பாய் மருந்தை அவர் எடுத்துவரச் செய்ததும், நகரம் பீரங்கியால் தாக்கப்படுகிறது என்ற வதந்தி பரவி, ஆயிரக்கணக்கானோர் ஆயுதத்துடன் கிளம்பினர். கேஜ் படை அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டு பாஸ்டன் வாயிலுக்கு அரண் கட்டினார். பிறகு 20,000 வீரர் தேவை என்று எழுதினார். செப்டம்பர் 21இல் கூடிய வூஸ்டர் மாவட்ட மாநாடோ, ஊர்ப்படையை ஏழு ரெஜிமென்ட்டுகளாகப் பிரித்து, மூன்றில் ஒரு பங்கினரை நொடியில் புறப்படத் தயாராக வைக்கச் சொன்னது. அக்டோபரில் கூடிய மாகாணப் பேரவை வரிப்பணத்தைத் தன் பொருளாளரிடமே கட்டச் சொன்னது. இரு தரப்பும் அதன் பிறகு மருந்துக்கும் துப்பாக்கிக்கும் போட்டியிட்டன.

போரின் முதல் குண்டு எது என்பது இன்றும் தீராத கேள்வி. டிசம்பர் 14 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் வில்லியம் அண்ட் மேரி கோட்டையில் கிளர்ச்சியாளர்மேல் காவலர்கள் பீரங்கி சுட்டனர், மருந்து பறிபோயிற்று. அதையே தொடக்கமாகக் கொள்ளலாம் என்றாலும், அங்கே எவரும் சாகாததால் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. கேஜைச் செயலில் இறங்கச் சொன்ன, லண்டனில் குடியேற்றங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் டார்ட்மவுத் பிரபுவின் 1775 ஜனவரி 27 தேதியிட்ட கடிதம் ஏப்ரல் 14இல்தான் பாஸ்டன் சேர்ந்தது. ஐந்தாம் நாள், கான்கார்டுக்குச் சென்ற பிரிட்டிஷ் படை வழியில் லெக்சிங்டனில் ஊர்ப்படையை எதிர்கொண்டபோது ஊர்ப்படையினர் எட்டுப் பேர் மாண்டனர். முதலில் சுட்டது யார் என்பதில், சில நாளில் திரட்டப்பட்ட ஊர்ப்படையினரின் வாக்குமூலங்களும் பிரிட்டிஷ் அதிகாரிகளின் அறிக்கைகளும் நேரெதிரானவை. கலைந்து போங்கள், சுடாதீர்கள் என்றே தான் உத்தரவிட்டதாக ஏப்ரல் 25 வாக்குமூலத்தில் அணித்தலைவர் ஜான் பார்க்கர் சொல்கிறார். அவர் வாயில் வீர வசனம் ஏறியது பல பத்தாண்டு கழித்துத்தான். அன்று பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர் இறந்தனர், பெரும்பாலோர் கான்கார்டிலிருந்து திரும்பும் வழியில். மறுநாள் பாஸ்டனை வளைத்து நின்ற படைக்குத் தலைமையேற்ற ஆர்டெமஸ் வார்டு, வூஸ்டர் மாவட்டத்து ஷ்ரூஸ்பரிக்காரர்.