ஜாரிய ரஷ்யாவின் பள்ளித் தங்கப் பதக்கம்

ரஷ்யப் பேரரசில் ‘ஜிம்னாசியம்’ எனப்பட்ட உயர்நிலைப் பள்ளிகளை முடித்து வெளியேறும் சிறந்த மாணவர்களுக்கு அரசு வழங்கிய பரிசு இது. முதலாம் நிக்கோலாய் ஆட்சியில், 1828-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தோடு நடைமுறைக்கு வந்தது. தங்கத்துக்கு அடுத்த படியில் வெள்ளிப் பதக்கமும் உண்டு. ஆண்கள் பள்ளிப் பதக்கத்தில் கல்வித் தெய்வமான மினர்வாவும் அரசின் இரட்டைத் தலைக் கழுகும் இருக்கும். பெண்கள் பள்ளிப் பதக்கத்தில் பேரரசியின் உருவம். பெண்களுக்கான வாசகம் நன்னடத்தையை முன்னால் வைத்துப் படிப்பைப் பின்னால் வைத்தது. அக்காலத்து மனப்போக்கு அப்படி.

பதக்கம் வெறும் அலங்காரமல்ல, பல்கலைக்கழகம் புகுவதற்குக் கைகொடுக்கும் தகுதியும்கூட. 1887-இல் யூத மாணவர் சேர்க்கைக்கு அரசு வரம்பு விதித்தது: யூதர்கள் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட மேற்குப் பகுதிகளில் 10 சதவீதம், வெளியே 5, பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் 3. இருக்கும் சில இடங்களுக்குப் போட்டியிட்ட யூதக் குடும்பங்களுக்குப் பதக்கம் என்பது வாழ்வா சாவா என்ற விஷயமாயிற்று.

அதே 1887-இல் சிம்பிர்ஸ்க் நகரில் விளாதீமிர் உலியானவ் என்ற மாணவர் இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். ஜார் மன்னரைக் கொல்லச் சதி செய்ததற்காக அவருடைய அண்ணன் அலெக்சாந்தர் அந்த மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். அண்ணனும் அதே பள்ளியில் தங்கப் பதக்கம் வாங்கியவர்தான். பின்பு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆய்வுக்காகப் பெற்ற இன்னொரு தங்கப் பதக்கத்தைப் பணமாக்கிச் சதிக் குழுவுக்குக் கொடுத்திருந்தார். தூக்கிலிடப்பட்டவரின் தம்பிக்கு அரசுப் பரிசா என்று தயங்க இடமிருந்தும், தலைமையாசிரியர் ஃபியோதர் கெரென்ஸ்கி பரிந்துரைத்தார், பதக்கம் கிடைத்தது. சான்றிதழில் தர்க்கவியலுக்கு மட்டும் நான்கு, மற்ற எல்லாவற்றிலும் ஐந்துக்கு ஐந்து. அந்த மாணவர்தான் பிற்காலத்து லெனின். 1917-இல் அவர் கவிழ்த்த அரசின் தலைவர், அந்தத் தலைமையாசிரியரின் மகன் அலெக்சாந்தர் கெரென்ஸ்கி. புனைகதையில் வந்தால் நம்பமாட்டோம்!

ரஷ்ய ஆட்சிக்குக் கீழிருந்த வார்சாவிலும் இதே பரிசுமுறைதான். 1883-இல் பதினைந்து வயது மரியா ஸ்க்வதோவ்ஸ்கா அங்கே தங்கப் பதக்கத்தோடு பள்ளியை முடித்தார். பின்னாளில் மேரி கியூரி ஆன அவர், முதல் உலகப் போரின்போது நோபல் பதக்கங்களையே உருக்கிக்கொள்ளும்படி பிரெஞ்சு அரசுக்குத் தர முன்வந்தார். வங்கி அலுவலர்கள் உருக்க மறுத்துவிட்டனர்.

ரஷ்யாவில் எஞ்சிய பள்ளிப் பதக்கங்களுக்கு அப்படி மறுப்பவர் யாரும் இல்லை. புரட்சியும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் அடுத்தடுத்து வந்தபோது வீட்டிலிருந்த தங்கமெல்லாம் சோறாக மாறியது. 1931 முதல் 1936 வரை ‘தோர்க்சின்’ என்ற அரசுக் கடைகள் மக்களிடமிருந்து தங்கம், வெள்ளியை வாங்கிக்கொண்டு மாவும் சர்க்கரையும் கொடுத்தன. புல்காகவின் ‘மாஸ்டரும் மார்கரீத்தாவும்’ நாவலில் பூனையும் கூட்டாளியும் ரகளை செய்வது இந்தக் கடைகளில் ஒன்றில்தான். அங்கே தட்டில் வைக்கப்பட்ட பதக்கத்துக்கு எடையும் மாற்றும் மட்டுமே மதிப்பு. யார் படித்து வாங்கியது என்று கேட்பாரில்லை. தங்கமாக இருந்ததே அதற்கு எமனாயிற்று. தங்கப் பதக்கங்கள் இன்று அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேகரிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இவை பெரும்பாலும் பெயர் பொறிக்காமல் ஒரே மாதிரி அச்சடிக்கப்பட்டவை. பெற்றவர் யார் என்பதைச் சொல்வது, பதக்க விவரம் குறிக்கப்பட்ட பள்ளிச் சான்றிதழ். அதனால் காகிதமும் மூலப் பெட்டியும் கூடவே வந்தால் விலை ஏறும். நகைக்கடையில் கொடுத்துப் பளபளப்பாக்கினால் இறங்கும். வெள்ளிக்குத் தங்க முலாம் பூசிய போலிகளை அடர்த்தி காட்டிக்கொடுக்கும்: தூய தங்கம் கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், வெள்ளி 10.5. கலப்புத் தங்கம் இடையில் நிற்பதால் தராசோடு எக்ஸ்கதிர்ச் சோதனையும் செய்வது நல்லது. 1945-இல் சோவியத் அரசு மீண்டும் தொடங்கிய பள்ளித் தங்கப் பதக்கத்தை ஜாரியப் பதக்கத்தோடு குழப்பவேண்டியதில்லை. அதில் கழுகு இல்லை, சோவியத் குடியரசின் சின்னம்தான் இருக்கும்.